ஆதித்த கரிகாலன் கொலை: உடையார்குடிக் கல்வெட்டும் பொன்னியின் செல்வனும்

ஆதித்த கரிகாலன் கொலை என்பது 10ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 970ஆம் ஆண்டையொட்டி, சோழ இளவரசர் இரண்டாம் ஆதித்தன் கொல்லப்பட்ட நிகழ்ச்சியாகும். இவர் சுந்தர சோழரின் மூத்த மகன். குந்தவைக்கும் முதலாம் இராசராசனுக்கும் தமையன். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலின் மையப் புதிர் இக்கொலையே. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த அந்நாவல், ஐந்து பாகங்களாக இன்றும் பதிப்பிக்கப்பட்டு வருகிறது. 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாகவும் வெளிவந்தது.

நாவலையும் படத்தையும் சுவைத்தவர்களில் பலர், நந்தினி என்றொரு பழுவூர் ராணி சோழ நாட்டில் உண்மையாகவே வாழ்ந்தாள் என்றும், கொலை கடம்பூர் மாளிகையில்தான் நடந்தது என்றும் நம்புகின்றனர். தேர்வுத் தாளிலேயே அவ்வாறு எழுதும் மாணவரும் உண்டு. கதையைக் குறை கூற இது காரணமாகாது. கதை அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆயினும் சான்று எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு படிப்பவருக்கு நாவலின் சுவை குறைவதில்லை. கல்கி எத்தனை சிறிய ஆதாரத்திலிருந்து எவ்வளவு பெரிய மாளிகையை எழுப்பினார் என்ற வியப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

அரியணை சென்ற வழி

கொலையின் பின்னணி ஒரு குடும்பத்தின் வாரிசுச் சிக்கல் ஆகும். முதலாம் பராந்தகரின் மூத்த மகன் இராசாதித்தர் 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்தார். எனவே இளையவரான கண்டராதித்தர் அரசரானார். சிவபக்தியில் ஆழ்ந்த அவருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த மகனே மதுராந்தகன் எனப்பட்ட உத்தம சோழர். கண்டராதித்தர் மறைந்தபோது இக்குழந்தை மிகச் சிறியது. ஆகவே ஆட்சி அவர் தம்பி அரிஞ்சயரிடம் சென்று, பின் அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழரிடம் வந்தது.

சுந்தர சோழர் ஆட்சியில் மதுராந்தகன் வளர்ந்து ஆளானார். மூத்த கிளையில் வந்த தமக்கே உரிமை என்று அவர் எண்ணியிருக்க இடமுண்டு. மறுபுறம், சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்தன் போரில் புகழ்பெற்றுத் தொண்டை மண்டலப் பகுதியில் ஆட்சிப் பொறுப்பும் ஏற்றிருந்தார். 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்ற பட்டத்துடன் காணப்படும் கல்வெட்டுகள் அவருடையவை என்பது அறிஞர் கருத்து. கூட்டுக் குடும்பத்தில் பாகப் பிரிவினை நடக்கும்போது எழும் அதே கேள்விதான் இங்கும் எழுந்தது. நிலபுலத்துக்குப் பதில் ஒரு நாடு இருந்தது என்பதே வேறுபாடு.

கல்வெட்டு சொல்வது

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அக்கோயில் கல்வெட்டு 1920ஆம் ஆண்டு ஆவணங்களில் பதிவாகி, பின் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரால் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் விளக்கத்துடன் வெளியிடப்பட்டது. ஆதித்தன் கொல்லப்பட்டார் என்று வெளிப்படையாகக் கூறும் ஆவணமாக இன்றுவரை அறியப்பட்டிருப்பது இது ஒன்றே.

கல்வெட்டில் அரசரின் இயற்பெயர் இல்லை. இராசகேசரிவர்மரின் 2ஆம் ஆட்சியாண்டு என்று மட்டும் உள்ளது. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினர். கொலைக்குப் பின் வந்த உத்தம சோழர் பரகேசரி; அவருக்குப் பின் 985இல் முடிசூடிய முதலாம் இராசராசன் இராசகேசரி. ஆகவே இது இராசராசனின் 2ஆம் ஆண்டைச் சேர்ந்ததென அறிஞர் கொள்வர்.

வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களுக்கு, அதாவது அவ்வூர்ச் சபையாருக்கு, அரசர் அனுப்பிய திருமுகம் அக்கல்வெட்டில் இடம்பெறுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராசன், உடன்பிறந்த மலையனூரான் ஆகியோர் அவர்கள். கொலை செய்தவர்களாகக் கல்வெட்டு காட்டுவது ஓர் உடன்பிறந்தார் கூட்டத்தை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து வரும் பட்டியல்தான் படிப்பவரை நிறுத்தி வைக்கிறது. இவர்களின் உடைமைகள் மட்டுமல்லாமல் இவர்களுடைய மக்கள், மனைவியர், தாய், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் எனச் சுற்றத்தார் பலரின் உடைமைகளும் ஒவ்வொன்றாகச் சுட்டப்படுகின்றன. அரசர் அனுப்பிய இருவரின் பொறுப்பில் அவற்றை விற்க வேண்டும் என்பது ஆணை. தமிழ் உறவுமுறைச் சொற்களைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. ஆனால் அச்சொற்கள் இங்கே தண்டனை பாயும் வழிகளாக நிற்கின்றன. தங்கையைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் நிலத்தை இழந்தார். கொலையைப் பற்றி அந்த மைத்துனருக்கு ஏதேனும் தெரிந்திருந்ததா என்று கல்வெட்டு கேட்கவில்லை. குற்றவாளிகளுக்கு உயிர்த்தண்டனையோ நாடு கடத்தலோ விதிக்கப்பட்டதா என்பதையும் அது கூறவில்லை. பிராமணர் என்பதால் கொல்லாமல் விட்டனர் என்று இன்று பலரும் உறுதியாகக் கூறுவது ஊகமே.

இத்தகைய அரச ஆணை கல்லில் ஏன் பொறிக்கப்பட்டது? காரணம் நீதியை நிலைநாட்டுவதன்று. அப்படி விலைக்கு வந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் வாங்கி, கோயிலில் அறச்சாலைக்கும் உணவுக்குமாக அறக்கட்டளை வைத்தார். கொடுத்த நிலம் எப்படித் தம் கைக்கு வந்தது என்று காட்டவே முந்தைய வரலாறு எழுதப்பட்டது. இன்று வீடு விற்கும்போது மூலப்பத்திரத்தைச் சேர்த்து வைப்பதுபோல என்று கொள்ளலாம். அந்த அறம் நடக்காமல் இருந்திருந்தால், கரிகாலன் கொல்லப்பட்டார் என்ற செய்தியே நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

பட்டப்பெயர்கள் தரும் குறிப்பு

பிரம்மாதிராசன் என்பது அரசுப் பணியிலிருந்த பிராமண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட பட்டம். எனவே கொலையாளிகள் வழிப்போக்கர்கள் அல்லர். அரண்மனைக்கு நெருங்கிய உயர் அலுவலர்கள். ரவிதாசனின் பட்டத்தில் உள்ள 'பஞ்சவன்' என்ற சொல் பாண்டியரைக் குறிக்கும். அதனால் அவன் பாண்டிய நாட்டு அதிகாரி, தன் அரசனின் தலையைக் கொய்தவனைப் பழிவாங்கினான் என்று ஒரு கருத்து உருவானது. கல்கி பற்றிக்கொண்ட நூல் இதுவே. அவர் கதையில் ரவிதாசனும் அவன் தோழர்களும் வீரபாண்டியனுக்காக உயிரைக் கொடுக்க உறுதி பூண்ட ஆபத்துதவிகள்.

எனினும் ஒரு தடை உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த பரமேசுவரனின் பட்டம் 'இருமுடிச்சோழ' என்று தொடங்குகிறது. அது சோழர் தந்த பட்டம். அண்ணன் பாண்டியரிடமும் தம்பி சோழரிடமும் பணிபுரிந்தார்களா? அல்லது பாண்டியரை வென்ற சோழர் 'பஞ்சவன்' என்ற அடையைத் தம் அதிகாரிக்குச் சூட்டினார்களா? இராசராசனின் தேவியருள் ஒருவர் பெயரே பஞ்சவன் மாதேவி. ஆகவே பட்டப்பெயரை மட்டும் வைத்து ரவிதாசனைப் பாண்டிய நாட்டவன் என்று முடிவு கட்ட இயலாது.

'தலைகொண்ட' என்பதும் ஆராயத்தக்கது. கொல்லப்பட்ட வீரபாண்டியனே 'சோழன் தலைகொண்ட' என்ற பட்டத்தைத் தாங்கியவன்தான். ஆதித்தன் மட்டுமன்றித் தொண்டை மண்டலத்தில் ஆண்ட பார்த்திவேந்திரவர்மனும் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று தன்னைக் குறித்துக்கொண்டான். ஒரே தலையை இருவர் கொண்டதாகக் கல்வெட்டுகள் கூறுவதால், இத்தொடரை வெற்றி என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொள்வோரும் உளர். ஆனால் இராசேந்திர சோழரின் 6ஆம் ஆட்சியாண்டில் எழுந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஆதித்தன் பாண்டியனின் தலையைத் தன் நகரில் வெற்றித்தூண்போல் நாட்டியதாகவே பாடுகின்றன.

உத்தம சோழர் மீதான ஐயம்

அதே செப்பேடுகள் கொலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஆதித்தன் விண்ணுலகு சென்றார் என்பதோடு அவை நிறுத்திக்கொள்கின்றன. அதன்பின் குடிகள் அருண்மொழியை அரசராகும்படி வேண்டியதாகவும், தம் சிற்றப்பன் நாட்டை விரும்புவதை அறிந்து அவர் மறுத்ததாகவும், மதுராந்தகர் ஆட்சி ஏற்றதாகவும் சொல்கின்றன.

இந்த இரண்டு சான்றுகளையும் இணைத்துப் பார்த்த நீலகண்ட சாஸ்திரியார், உத்தம சோழரைக் கொலைப் பழியிலிருந்து விடுவிப்பது கடினம் என்று கருதினார். கொலையால் பயன் பெற்றவர் அவர். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் ஆண்டபோது துரோகிகள் தண்டிக்கப்பட்ட செய்தி இல்லை. இராசராசன் வந்த 2ஆம் ஆண்டிலேயே உடைமைகள் பறிக்கப்படுகின்றன. துப்பறியும் கதை படித்துப் பழகியவர்கள் இந்த வாதத்தை உடனே ஏற்பர்.

'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. அவர் பக்கத்துக்கு வலுவூட்டும் செய்திகள் குறைவல்ல. இராசராசன் தம் மகனுக்கு மதுராந்தகன் என்று பெயரிட்டார்; அம்மகனே பின்னாளில் இராசேந்திரன். தமையனைக் கொன்றவரின் பெயரைத் தம் பிள்ளைக்கு யாரும் வைப்பார்களா? உத்தம சோழரின் அன்னை செம்பியன் மாதேவியார் இராசராசன் காலத்திலும் பெருமதிப்போடு கோயில் திருப்பணிகளைத் தொடர்ந்தார். உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனும் இராசராசன் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்வையிடும் உயர்ந்த பொறுப்பில் இருந்தார். கொலையாளிகளின் மருமகன்மார் நிலத்தையும் விட்டுவைக்காத ஓர் அரசு, கொலையைத் தூண்டியவரின் மகனுக்குப் பதவி தந்திருக்குமா என்பது பொருத்தமான கேள்வி.

'15 ஆண்டு தாமதம்' என்ற வாதத்திலும் ஓட்டை உண்டு. கல்வெட்டு கூறுவது சொத்து விற்பனையை. விசாரணை எப்போது நடந்தது, குற்றவாளிகள் எப்போது பிடிபட்டனர், நிலங்கள் முதன்முதலில் எப்போது பறிக்கப்பட்டன என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. உத்தம சோழர் காலத்திலேயே தண்டனை தொடங்கியிருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் எழுதியுள்ளனர். சான்று கிடைக்காததையே குற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்குமன்றத்தில் நிற்காது. உத்தம சோழர் மீதான பழி இன்றுள்ள ஆதாரங்களைக் கொண்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே நடுநிலையான முடிவு.

நாவல் அவிழ்த்த முடிச்சு

கல்கியின் முன் இருந்த சிக்கல் இப்போது தெளிவாகும். மதுராந்தகர் நாட்டை விரும்பினார் என்று செப்பேடு சொல்கிறது. அவரையும் அவர் தாயையும் இராசராசன் குடும்பம் போற்றியது என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன. பேராசைக்காரரும் உத்தமரும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும்? வரலாற்று ஆசிரியர் இரண்டில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாவலாசிரியருக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அவர் மதுராந்தகரை இரண்டு ஆளாக்கிவிட்டார்.

பிறந்தவுடன் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட குழந்தை வாணி என்னும் ஊமைப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்து, சேந்தன் அமுதனாகத் தஞ்சைக் கோயிலுக்குப் பூமாலை கட்டி வளர்கிறது. அதன் இடத்தில் ஊமை ராணி மந்தாகினி பெற்ற ஆண் குழந்தை வைக்கப்பட்டு, மதுராந்தகனாக அரண்மனையில் வளர்கிறது. அரியணைக்கு ஏங்கி, மூடு பல்லக்கில் ஒளிந்து கடம்பூருக்குப் போகிறவன் இந்த இரண்டாமவன். இறுதியில் அருண்மொழி முடியை எடுத்துச் சூட்டுவது முதலாமவன் தலையில். செப்பேட்டில் உள்ள ஆசை ஒருவனுக்கும், கல்வெட்டில் உள்ள மதிப்பு மற்றொருவனுக்கும் பங்கிடப்பட்டன. குழந்தை மாற்றம் பழைய கதைகளில் தேய்ந்துபோன உத்திதான். ஆனால் இங்கே அது சான்றுகளுக்கிடையே இருந்த முரண்பாட்டைத் தீர்க்கும் கருவியாகப் பயன்படுகிறது. நாவலை இரண்டாம் முறை படிப்பவர்களுக்கு, சொந்த மகன் அரசனாவதைத் தாயே ஏன் தடுக்கிறார் என்ற புதிர் முதல் பாகத்திலிருந்தே உறுத்தும்.

மாற்றி வைக்கப்பட்டவனையும் கல்கி சும்மா விடவில்லை. அவன் கதை முடிவில் அமரபுசங்கன் என்ற பெயருடன் பாண்டியனாகிறான். இராசராசன் சிறைப்பிடித்த பாண்டியனின் பெயராகத் திருவாலங்காட்டுச் செப்பேடு தருவதும் அமரபுசங்கன் என்பதே. செப்பேட்டில் ஒரே ஒரு இடத்தில் வரும் அப்பெயருக்குக் கல்கி ஒரு தாயையும் ஓர் இளமையையும் கொடுத்துவிட்டார்.

நந்தினி முற்றிலும் கற்பனை. வீரபாண்டியனின் தலை கொய்யப்பட்டது என்ற செய்திக்கு, அந்தத் தலைக்காகக் கெஞ்சிய ஒரு பெண்ணை அவர் படைத்தார். அவள் பிறப்பையும் நேராகச் சொல்லாமல் குறிப்பாகவே விட்டுச் சென்றார். மந்தாகினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோருக்கும் கல்வெட்டுச் சான்று கிடையாது. வந்தியத்தேவன் வரலாற்று மாந்தன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. ஆயினும் அவன் துடுக்கும் பசியும் கல்கி தந்தவை. அமைச்சர் அநிருத்தர் அன்பில் செப்பேட்டிலும், பழுவேட்டரையர் மரபு பழுவூர்க் கல்வெட்டுகளிலும் காணப்படுகின்றன. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் உடையார்குடியிலிருந்தே வந்தவை. உண்மையில் இருந்தவர்கள் சதிகாரர்கள். அவர்களை ஆட்டுவித்ததாகக் கதை கூறும் அழகிதான் இல்லாதவள். படித்த பலர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கக் காணலாம்.

கொலை நடந்த இடம் எந்த ஆவணத்திலும் இல்லை. கடம்பூர் மாளிகை கதைக்களம் மட்டுமே. எந்தக் கை வாளை ஓங்கியது என்பதையும் கல்கி இருட்டிலேயே விட்டார். விளக்கு அணைகிறது, பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது, பின் பெரிய பழுவேட்டரையர் தாமே காரணம் என்கிறார். வாரந்தோறும் காத்திருந்து படித்த வாசகரில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் இவ்விடத்தில் அவர் வரலாற்றின் எல்லையை மதித்தார் என்றே கொள்ள வேண்டும். கல்வெட்டு ஒரு குடும்பத்தையே குற்றவாளி என்கிறது. அவர்களுள் வெட்டியவன் யார் என்று சொல்லவில்லை. பின்னர் வந்த நாவலாசிரியர்கள் சிலர் துணிந்து வேறு வேறு ஆட்களைக் கைகாட்டினர். அந்தப் பெயர்களுக்கும் சான்று இல்லை.

உடையார்குடி

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காட்டுமன்னார்கோயிலே பழைய வீரநாராயணபுரம். நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர். முதலாம் பராந்தகரின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், இதன் அருகே பரந்து கிடக்கிறது. பொன்னியின் செல்வன் தொடங்குவது அந்த ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வரும்போது, கொலை இன்னும் நடக்கவில்லை. கொலையாளிகளின் சுற்றத்தாருடைய நிலங்கள் பிற்காலத்தில் விலைக்குப் போன ஊரின் வழியாகவே அவன் கடந்து செல்கிறான். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்க்க வருவோர் பலர் அனந்தீசுவரர் கோயிலுக்குள் நுழையாமலே திரும்பிவிடுகின்றனர். கல்வெட்டு அக்கோயில் சுவரில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தில், இன்னும் இருக்கிறது.